மூன்றுக்கு அடுத்தது ஐந்து

ஜெலுத்தோங் கடலோரம், பாலம் தெரியும் அடுக்குமாடி.
அங்கே மின்தூக்கி பழுது பார்ப்பவன் நான்.
பொத்தான்களில் நாலு கிடையாது.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
பதினாலு கிடையாது, இருபத்துநாலு கிடையாது,
முப்பத்தொன்பதிலிருந்து ஐம்பதுக்கு
ஒரே எட்டு.

ஹொக்கியனில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே சத்தம்.
சிரிக்க மாட்டேன்.
எங்கள் ஆட்களிலும் கடைசியில்
தூக்குவதற்கு நாலு பேர்தான்.

ஆனால் கம்பியில் தொங்கும் பெட்டிக்கு
ஹொக்கியனும் தெரியாது, தமிழும் தெரியாது.
தண்டவாளத்துக் காந்தத் தகடுகளை
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணிப் போகும்.
நாலாவது தகடு வந்தால்
மொட்டைமாடி இயந்திர அறையில்
சிவப்பு எழுத்தில் 4 என்றே காட்டும்.
அதே நொடியில் கீழே கதவு திறக்கும் இடத்தில்
பித்தளையில் பொறித்த 5.

பத்து இலக்கத்தில் ஒன்றைத் துரத்தினால் மிச்சம் ஒன்பது.
ஆகவே இங்கே பத்து என்பது ஒன்பது,
ஐம்பது என்பது முப்பத்தாறு.
நூறு என்று ஒரு மாடி இருந்திருந்தால் அது எண்பத்தொன்று.
அத்தனை உயரத்துக்குக் கட்டியவனிடம் காசில்லை.

போன வருடம் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க
ஒற்றை மாடிக்கு ஒரு பெட்டி, இரட்டைக்கு ஒரு பெட்டி என்று
பிரித்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே புகார்:
ஒற்றைப் பெட்டி ஆறில் நிற்கிறது,
பத்தில் நிற்கிறது,
பதினொன்றில் நிற்க மாட்டேன் என்கிறது.

சங்கத் தலைவர் ஊய் தேய்க் செங்கிடம்
கோப்பிக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.
வெளியுலகில் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும்,
ஒற்றையா இரட்டையா, அதுவே சொல்லிவிடும்.
இங்கே அடிமானமே ஒற்றைப்படை.
கடைசிப் பிள்ளையைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோட முடியாது;
எல்லோரையும் விசாரிக்க வேண்டும்.
நாலைத் தாண்டிய இலக்கம் ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்து,
பிறகு மொத்தத்தையும் கூட்டி,
அந்தக் கூட்டுத்தொகை என்ன சொல்கிறதோ அதுதான் மாடி.
முப்பத்தைந்தா? மூன்றும் நாலும் ஏழு. ஒற்றை.

அவர் ரசீதைத் திருப்பிப் பார்த்தார்.
இரண்டு கோப்பி, ஒரு ரொட்டி.
"வேற ஸ்டிக்கர் ஒட்டுலா," என்றார்.

ஒட்டினேன்.

எட்டு மாடிக்கு ஒரு தீயணைப்புக் குழாய்ப் பெட்டி.
அன்றிரவு கையில் எண்ணெய்க் குவளையோடு
படியேறிப் போனபோதுதான் கண்ணில் பட்டது.
பெட்டி இருந்த மாடிகள்:
ஒன்பது. பதினெட்டு. இருபத்தேழு. முப்பத்தாறு.
ஓரொன்பது ஒன்பது, ஈரொன்பது பதினெட்டு என்று
தமிழ்ப்பள்ளியில் கத்திக் கத்திப் படித்த வாய்ப்பாடு
எட்டாம் வாய்ப்பாட்டின் தோளில் ஏறி
சுவரில் உட்கார்ந்திருக்கிறது!
அடுத்தது ஐயொன்பது.
வராது. இன்னும் இருபது மாடி கட்டினாலும்
நாற்பத்தைந்து வராது.
படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் தனியாகச் சிரித்தேன்.
கீழே படகு ஒன்று இயந்திரம் இருமிக்கொண்டு போனது.

ஊயின் மனைவி மேடம் குவெக்கின் வீடு ஐந்தாவது மாடி.
ஞாயிறு தவறாமல் நாலு நம்பர் எடுப்பார்,
நாலு இல்லாத நாலு நம்பர்.
பத்தாயிரம் சீட்டில் அவருக்கு ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்றுதான்.
ஒதுக்கிய மிச்சம் மூவாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது.
அதிலும் ஒரு நாலு உண்டு; அதையும் எடுக்க மாட்டார்.

ஒருநாள் பெட்டியில் நாங்கள் இருவர் மட்டும்.
"நீதானே இதை எண்ணுகிறவன்," என்றார் மலாயில்.
"என் வீடு எத்தனையாவது?"
"ஐந்து, மேடம்."
"போன மாதம் மின்சாரம் போனபோது
நடந்துதான் ஏறினேன்.
மாடிக்கு ஒரு விரல் மடக்கினேன்."
கையைத் தூக்கிக் காட்டினார்.
கட்டைவிரல் மடங்காமல் நின்றது.
"அவரிடம் சொல்லாதே."

அந்த ஞாயிறு அவர் எடுத்தது 0464.

விழவில்லை.
யாரும் சாகவும் இல்லை.